ஒரே வடிவம், வேறு வேறு வேலை: லேப்டாப் போர்ட்டின் கதை



உங்கள் வீட்டு லேப்டாப்பின் பக்கவாட்டைப் பாருங்கள். புது மாடல் என்றால் இரண்டு மூன்று போர்ட்டுகள்தான் இருக்கும். 1990களின் தொடக்கத்தில் கம்ப்யூட்டரின் பின்பக்கம் அப்படியில்லை. கீபோர்டுக்கு வட்டமாக ஒன்று, பிரிண்டருக்கு 25 துளைகளுடன் அகலமாக ஒன்று, மோடத்துக்கு சீரியல் போர்ட் என ஒவ்வொன்றுக்கும் தனித்தனி. பல சாதனங்களை மாட்டுவதற்குக் கம்ப்யூட்டரை அணைத்துவிட்டுத் திரும்பப் போடவேண்டும்.

இன்டெல், மைக்ரோசாஃப்ட், ஐ.பி.எம். உள்ளிட்ட ஏழு நிறுவனங்கள் கூடி 1996-ல் யு.எஸ்.பி.யைக் கொண்டுவந்தன. இன்டெல்லில் இந்த வேலையை முன்னின்று நடத்திய அஜய் பட், பரோடா மகாராஜா சாயாஜிராவ் பல்கலைக்கழகத்தில் படித்தவர். 1998-ல் ஆப்பிளின் ஐமேக், பழைய போர்ட்டுகளைக் கைவிட்டு யு.எஸ்.பி.யுடன் வந்ததும் மற்றவர்களும் வேகமாகப் பின்தொடர்ந்தார்கள்.

பழைய யு.எஸ்.பி.யைத் திருப்பித் திருப்பிச் செருகிப் பார்த்து அலுத்துக்கொள்ளாதவர் யார்? இருபக்கமும் செருகும்படி செய்தால் கம்பியும் செலவும் கூடும் என்றுதான் அன்று அதை விட்டுவிட்டார்கள். 2014-ல் வந்த டைப்-சி அந்தக் குறையைத் தீர்த்தது. லேப்டாப் சார்ஜரின் வேலையையும் அதுவே எடுத்துக்கொண்டது. முதலில் 100 வாட் வரை. 2021-லிருந்து 240 வாட் வரை. ஐரோப்பிய ஒன்றியம் 2024 டிசம்பர் 28 முதல் மொபைல் போன்களுக்கு டைப்-சியைக் கட்டாயமாக்கியது. லேப்டாப்புகளுக்கு அது குறித்த நாள் 2026 ஏப்ரல் 28.

ஆனால் வடிவம் ஒன்றானதால் வேலையும் ஒன்று என்று நினைத்துவிடக் கூடாது. வங்கியில் வேலை பார்த்தவன் என்பதால் இப்படிச் சொல்கிறேன்: எல்லா வங்கிக் காசோலைகளும் ஒரே அளவுதான். அதற்காக எல்லார் கணக்கிலும் ஒரே இருப்பா இருக்கிறது?

கேபிளும் அப்படித்தான். சாதாரண டைப்-சி கேபிள் 60 வாட் வரைதான் தாங்கும். அதற்குமேல் அனுப்ப, உள்ளே அடையாளச் சிப் உள்ள கேபிள் வேண்டும். நன்றாக சார்ஜ் ஆகும் கேபிள், ஃபைல்களை மெதுவாக அனுப்பலாம். டைப்-சி போர்ட் இருந்தும் டிவியில் படம் காட்டாத லேப்டாப்புகளும் உண்டு. அவற்றுக்கு எச்.டி.எம்.ஐ. அடாப்டர் வாங்கினால் காசு வீண்.

ஆகவே சார்ஜரில் எத்தனை வாட் என்று பார்த்து, அதற்கேற்ற கேபிளைக் கேட்டு வாங்குங்கள். அடாப்டர் வாங்குமுன் லேப்டாப்பின் கையேட்டைப் பாருங்கள். வீட்டிலுள்ள ஒவ்வொரு கேபிளிலும் 'இது லேப்டாப்புக்கு', 'இது போனுக்கு' என்று சிறு சீட்டு ஒட்டிவைத்தால், அவசரத்துக்குத் தேடவேண்டியிருக்காது.