பள்ளி வாசலிலிருந்து பயிற்சிக் கல்லூரி வாசல் வரை

நம் கல்விச் சங்கம் வெள்ளி விழாக் காணும் இவ்வேளையில், கடந்து வந்த பாதையைச் சற்றே திரும்பிப் பார்ப்பது நம் கடமையாகும். ஒரு சமுதாயத்தின் கல்வி வரலாற்றைப் படித்தவர் தொகையைக் கொண்டு அளப்பவர் உளர். நாமோ வேறொரு வினாவை எழுப்ப விரும்புகின்றோம். நம்முள் எத்தனை பேர் கரும்பலகையின் முன் சுண்ணக்கட்டி ஏந்தி நிற்கும் தகுதியைப் பெற்றனர்? அத்தகுதியைத் தரும் பயிற்சிக் கல்லூரியின் வாசல் யாருக்கு எப்போது திறந்தது? எந்த விதியால் திறந்தது? எந்த விதியால் இன்றும் சிலருக்குப் பாதி மூடிக் கிடக்கின்றது? இவற்றை அறியாத இளைஞன் வாசலில் நின்று தயங்குவான். அறிந்தவன் உரிமையோடு உள்ளே செல்வான்.

தேங்காய்ப்பட்டணம் கடலும் ஆறும் கூடும் ஊர். குழித்துறைத் தாமிரபரணி இவ்விடத்தே கடலொடு கலக்கின்றது. தொன்மையான பள்ளிவாசலாலும் பழைய கடல் வாணிகத்தாலும் பெயர் பெற்றது இப்பட்டினம். அவ்வாணிகத்துக்குச் சுமை தூக்கியும், வயலில் சேறு மிதித்தும், தென்னை நார் திரித்தும் உழைத்த கைகள் நம் முன்னோருடையவை. ஆனால் ஏட்டைத் தொட அக்கைகளுக்கு நெடுங்காலம் உரிமை இருந்ததில்லை.

திருவிதாங்கூரில் அடைபட்ட கதவு

1956 நவம்பர் 1-ஆம் நாள் தமிழகத்தோடு இணையும் வரை நம் பகுதி திருவிதாங்கூர் அரசிலும், பின்னர்த் திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்திலும் விளவங்கோடு வட்டத்தைச் சேர்ந்ததாய் இருந்தது. 1817-ஆம் ஆண்டில் அரசி கௌரி பார்வதி பாய், குடிமக்களின் கல்விச் செலவை அரசே ஏற்க வேண்டும் என்று ஆணை பிறப்பித்தார். இந்தியக் கல்வி வரலாற்றில் போற்றப்படும் ஆணை அது. எனினும் அக்காலத்தில் நம் முன்னோர் நிலத்தோடு சேர்த்து விற்கப்படும் அடிமைகளாய் இருந்தனர். குடிமக்கள் என்ற சொல்லுக்குள் அவர்கள் அடங்கவில்லை. அடிமை முறையை ஒழிக்கும் அரசாணை 1855-ல்தான் வந்தது. அதன் பின்னரும் சர்க்கார் பள்ளிகளின் கதவு நமக்குத் திறக்கவில்லை.

அதற்கு முன்பே வேறொரு வழி திறந்தது. மயிலாடியில் பிறந்த சாம்பவர் குலத்து வேதமாணிக்கம் அழைத்ததன் பேரில் ரிங்கல்தௌபே என்னும் செருமானிய மிஷனரி 1806-ல் இப்பகுதிக்கு வந்தார். மயிலாடியில் ஆலயமும் பள்ளியும் எழுந்தன. 1819-ல் நாகர்கோவிலில் தொடங்கிய செமினரி, பிற்காலத்தில் ஸ்காட் கிறித்தவக் கல்லூரியாய் வளர்ந்தது. தென் திருவிதாங்கூரில் ஒடுக்கப்பட்டோர் எழுத்தறியத் தலைப்பட்டது இவ்வழியேதான். நம் குடும்பங்களுள் பல கிறித்தவத்தைத் தழுவியதற்கு வழிபாட்டு உரிமையோடு எழுத்துரிமையும் காரணமாயிற்று. இதனை இளைஞர்கள் நினைவில் இருத்த வேண்டும். பின்னர் இக்கட்டுரையில் இதற்கு மீண்டும் வருவோம்.

ஆசிரியர் இல்லாத பள்ளி

1863-ல் வெங்கானூரில் பிறந்த மகாத்மா அய்யன்காளி எழுதப் படிக்க அறியாதவர். ஆயினும் பள்ளியுரிமைக்கு அவரைப் போலப் போராடியவர் திருவிதாங்கூரில் வேறெவருமிலர். 1904-ல் அவர் தம் ஊரில் கட்டிய குடிசைப் பள்ளிக்குத் தீ வைக்கப்பட்டது. 1907-ல் சாது சன பரிபாலன சங்கத்தை நிறுவினார். அதே ஆண்டிலும் மீண்டும் 1910-லும் புலையர் பிள்ளைகளைச் சர்க்கார் பள்ளிகளில் சேர்க்க அரசு ஆணையிட்டது. ஊரூட்டம்பலத்தில் பஞ்சமி என்னும் சிறுமியை அவர் பள்ளிக்கு அழைத்துச் சென்றபோது அப்பள்ளியே எரிக்கப்பட்டது. எங்கள் பிள்ளைகளைப் பள்ளியில் சேர்க்காவிடில் உங்கள் வயல்களில் புல்தான் முளைக்கும் என்று அறிவித்து அவர் நடத்திய வேலைநிறுத்தம், உழவுத் தொழிலாளர் கல்விக்காக நடத்திய போராட்டங்களுள் தலையாயது.

இவ்வரலாற்றில் நாம் அதிகம் பேசாத செய்தி ஒன்று உண்டு. ஆணை வந்தது, கட்டடமும் எழுந்தது, பாடம் சொல்ல ஆசிரியர் கிடைக்கவில்லை. நம் சமுதாயத்தில் அப்போது கற்றவர் இலர். கற்ற பிற சமுதாயத்தாரோ வர மறுத்தனர். இறுதியில் கைதமுக்கு பரமேசுவரன் பிள்ளை என்பார் துணிந்து முன்வந்தார். அவருக்கும் காவல் வேண்டியிருந்தது. அந்நல்லாரை நன்றியோடு நினைப்போம். ஆனால் பிறர் மனம் இரங்கி வந்தால்தான் நம் பிள்ளைக்கு அகரம் தெரியும் என்ற நிலை எத்தகைய இரவல் நிலை என்பதையும் எண்ணிப் பார்ப்போம்.

1937 சனவரியில் காந்தியடிகள் வெங்கானூருக்கு வந்தபோது, தம் சமுதாயத்தில் பத்துப் பி.ஏ. பட்டதாரிகளைக் கண்டு கண்மூட வேண்டும் என்று அய்யன்காளி கூறினார். 1941-ல் அவர் மறைந்தார். அரசு நியமித்த மக்கள் சபை உறுப்பினராய்ப் பல்லாண்டு இருந்தவர், தமக்கென எதுவும் கேளாமல் பட்டதாரிகளைக் கேட்டார் என்பது சிந்திக்கத்தக்கது.

பயிற்சிக் கல்லூரியின் தோற்றம்

சென்னையில் 1856-ல் தொடங்கிய அரசு நார்மல் பள்ளியே பின்னர்ச் சைதாப்பேட்டை ஆசிரியர் கல்லூரியாயிற்று. பட்டதாரி ஆசிரியருக்கான பயிற்சி எல்.டி. என்றும், பின்னர் பி.டி. என்றும், அதன் பின்னர் பி.எட். என்றும் பெயர் பெற்றது. இப்பயிற்சிக்கு முதல் தகுதி பட்டம். பள்ளிக்கே போக முடியாதவன் பட்டத்துக்கு எங்கே போவான்? சாதியின் பெயரை விதியில் எழுதாமலே கதவு அடைபட்டிருந்தது. 1893-ல் சென்னை அரசு பிறப்பித்த ஆணை பஞ்சமர் கல்வியின் மகாசாசனம் என்று பேசப்பட்டது. பஞ்சமருக்குத் தனிப் பள்ளிகள் அமைப்பதோடு அவர்களுள்ளிருந்தே ஆசிரியரைப் பயிற்றுவிப்பதையும் அது கருதியது. ஆசிரியரை உருவாக்காமல் பள்ளி நிலைக்காது என்பதை அன்றே உணர்ந்தோர் இருந்தனர்.

அந்தக் கதவைத் தள்ளித் திறந்தவர்களுள் முதன்மையானவர் ஒரு பெண்மணி. 1912-ல் கொச்சி முளவுகாட்டில் புலையர் குடும்பத்தில் பிறந்த தாட்சாயணி வேலாயுதன், இந்தியாவில் பட்டம் பெற்ற முதல் ஒடுக்கப்பட்ட பெண் ஆவார். எர்ணாகுளம் மகாராசா கல்லூரியில் வேதியியல் பயின்றபோது, சோதனைகளை அருகில் நின்று பார்க்க அவருக்கு வாய்ப்பளிக்கப்படவில்லை. தொலைவில் நின்று பார்த்தே தேறினார். சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஆசிரியப் பயிற்சியும் முடித்து, அரசு உயர்நிலைப் பள்ளிகளில் ஆசிரியரானார். 1946-ல் அரசியல் நிர்ணய சபையில் அமர்ந்தார். ஆசிரியர் நாற்காலியிலிருந்து அரசியலமைப்பை வகுக்கும் அவைக்குச் சென்ற அவர் வாழ்வை நம் பெண்மக்கள் கருத்தூன்றிக் கற்க வேண்டும்.

இடஒதுக்கீட்டின் வளர்ச்சி

சென்னை மாகாணத்தின் வகுப்புவாரி ஆணை கல்லூரிச் சேர்க்கைக்குச் செல்லாது என 1951-ல் செண்பகம் துரைராசன் வழக்கில் தீர்ப்பாயிற்று. அதன் விளைவாக அதே ஆண்டில் அரசியலமைப்பின் முதல் திருத்தம் வந்து, 15(4) என்னும் பிரிவு சேர்க்கப்பட்டது. இன்று கல்வியியல் கல்லூரியில் நம் பிள்ளைக்கு இடம் கிடைப்பது அப்பிரிவின் வலிமையால்தான்.

அவ்வாண்டில் தமிழகத்தில் பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் சேர்த்து 15 விழுக்காடு ஒதுக்கப்பட்டது. 1971-ல் அது 18 ஆயிற்று. 1990-ல் பழங்குடியினருக்குத் தனியே 1 விழுக்காடு தரப்பட, 18 முழுவதும் பட்டியல் சாதியினருக்கே உரியதாயிற்று. 1993-ல் இயற்றிய 69 விழுக்காட்டுச் சட்டம் 1994-ல் அரசியலமைப்பின் ஒன்பதாம் அட்டவணையில் இடம் பெற்றது. 2009-ல் அந்த 18-க்குள் அருந்ததியருக்கு 3 விழுக்காடு உள்ஒதுக்கீடாக அளிக்கப்பட்டது.

நம் மாவட்டத்துக்கு ஒரு தனித்தன்மையும் உண்டு. திருவிதாங்கூர்ப் பட்டியலின் தொடர்ச்சியாக, சில சாதிகள் குமரி மாவட்டத்திலும் செங்கோட்டை வட்டத்திலும் மட்டும் பட்டியல் சாதிகளாய் உள்ளன. வண்ணார் சமூகத்தார் இதற்குச் சான்று. மாவட்டம் கடந்து குடியேறியோர் தம் சான்றிதழைப் பேணுவதில் கவனமாயிருத்தல் வேண்டும்.

இன்றைய விதிகள்

1993-ஆம் ஆண்டுச் சட்டப்படி அமைந்த தேசிய ஆசிரியர் கல்விக் குழு 1995 முதல் பயிற்சிக் கல்லூரிகளுக்கு விதி வகுக்கின்றது. 2014-ஆம் ஆண்டு ஒழுங்குமுறைப்படி 2015-16 முதல் பி.எட். ஓராண்டிலிருந்து ஈராண்டாயிற்று. பட்டப் படிப்பில் 50 விழுக்காடு மதிப்பெண் வேண்டும் என்பது பொது விதி. ஒதுக்கீட்டுப் பிரிவினருக்கு மாநில அரசு தளர்வு அளிக்கலாம். தமிழகத்தின் அண்மைக்காலச் சேர்க்கைக் குறிப்பேடுகளில் பொதுப் பிரிவுக்கு 50, பிற்படுத்தப்பட்டோருக்கு 45, மிகப் பிற்படுத்தப்பட்டோருக்கு 43, பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் 40 என வரையறை உள்ளது. 2008-ல் அமைந்த தமிழ்நாடு ஆசிரியர் கல்வியியல் பல்கலைக்கழகத்தின் கீழ் இக்கல்லூரிகள் இயங்குகின்றன.

இளைஞர்கள் இடறி விழும் இடங்கள் வேறு சில. மேல்நிலைக் கல்வி முடிக்காமல் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் நேரே பெற்ற பட்டம் இச்சேர்க்கைக்கு உதவுவதில்லை. பொருளியல், வணிகவியல் போன்ற பாடங்களைப் பயின்றோர் முதுகலையும் முடித்திருத்தல் வேண்டும். பி.எட். முடித்தாலும் ஆசிரியர் தகுதித் தேர்வு காத்திருக்கின்றது. பி.எட். பட்டம் தொடக்க வகுப்பு ஆசிரியர் பணிக்குத் தகுதியாகாது என 2023 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது; அப்பணியை நாடுவோர் தொடக்கக் கல்விப் பட்டயப் படிப்பையே மேற்கொள்ள வேண்டும். ஆதலின் பத்தொன்பது வயதில் கல்லூரியில் பாடம் தெரிவு செய்யும்போதே இவ்விதிகளை அறிந்திருத்தல் நலம். அறியாமையால் இழந்த ஆண்டை எந்த ஒதுக்கீடும் மீட்டுத் தராது.

ஒரே முற்றத்தில் இரு விதிகள்

இனி முன்னர்ச் சுட்டிய செய்திக்கு வருவோம். 1950-ஆம் ஆண்டுப் பட்டியல் சாதிகள் ஆணை இந்துக்களை மட்டுமே பட்டியலில் ஏற்றது. 1956-ல் சீக்கியரும் 1990-ல் பௌத்தரும் சேர்க்கப்பட்டனர். கிறித்தவர் சேர்க்கப்படவில்லை. தமிழகத்தில் அவர்கள் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் உள்ளனர். இதன் பொருள் யாது? அண்ணன் தம்பி பிள்ளைகள் இருவர், வீட்டுச் சுவர் ஒன்று, கிணறு ஒன்று, ஊரார் அவர்களை நடத்தும் முறையும் ஒன்று. பட்டப் படிப்பில் இருவரும் 42 விழுக்காடு பெறுகின்றனர். ஒருவனுக்கு விண்ணப்பம் உண்டு. ஞானஸ்நானம் பெற்ற குடும்பத்துப் பிள்ளைக்கோ விண்ணப்பிக்கும் தகுதியே இல்லை. நம் முன்னோருக்கு எழுத்தறிவித்த அதே வழியில் சென்றதற்காக அவர்தம் கொள்ளுப் பேரன் இன்று விலை கொடுக்கின்றான். இக்குறை நீங்க வேண்டும் என 2023 ஏப்ரலில் தமிழகச் சட்டமன்றம் தீர்மானம் நிறைவேற்றியது.

தீர்வு வரும் வரை நாம் ஒருவரை ஒருவர் பழிப்பது தகாது. இருப்பவன் இல்லாதவனுக்காகப் பேசுவதே உறவு. கட்டணச் சலுகையில் மதம் மாறியோரும் பயன்பெற இடமுண்டு. 2012-ஆம் ஆண்டின் 92-ஆம் எண் அரசாணை, சுயநிதிக் கல்லூரிகளில் பயிலும் பட்டியல் சாதி, பழங்குடி மாணவரோடு பட்டியல் சாதியிலிருந்து கிறித்தவம் தழுவியோரையும் கருத்தில் கொண்டது. இதனை அறியாமல் வட்டிக்குக் கடன் வாங்கும் பெற்றோரைக் காண நேரும்போது நம் நெஞ்சு வேதனையடைகின்றது.

நம் கடமை

நூறாண்டுகளுக்கு முன் நம்மிடம் பள்ளி இருந்தது; ஆசிரியர் இல்லை. இன்று பயிற்சி பெற்ற ஆசிரியர் நம்மிடையே உளர். ஓய்வு பெற்ற ஆசிரியப் பெருமக்கள் வாரம் ஒரு மாலை நம் இளைஞரோடு அமர்ந்து விண்ணப்பம் நிரப்பவும் பாடம் தெரிவு செய்யவும் வழிகாட்டுவராயின் அதனினும் சிறந்த விழாக் கொண்டாட்டம் இல்லை. சாதிச் சான்றிதழ், வருமானச் சான்றிதழ், மதிப்பெண் பட்டியல் ஆகியவற்றைக் கடைசி நாளுக்கு முன்பே ஆயத்தம் செய்யும் பழக்கம் ஒவ்வொரு வீட்டிலும் வேரூன்ற வேண்டும்.

40 என்பது நுழைவுக்குரிய கீழெல்லை; நம் பிள்ளைகளின் அறிவுக்கு அது மேலெல்லையன்று. அவ்வெல்லையைக் கடந்து உள்ளே செல்வோர், வகுப்பறையின் கடைசி வரிசையில் அஞ்சி அமர்ந்திருக்கும் பிள்ளையை முதலில் பெயர் சொல்லி அழைக்கும் ஆசிரியராய் வெளியே வரவேண்டும். அய்யன்காளி வேண்டிய பத்துப் பேரை நாம் என்றோ கடந்துவிட்டோம். அவர் பள்ளி தேடிய ஆசிரியரை ஒவ்வொரு தலைமுறையிலும் நாமே ஈன்று தருவோமாக.