நோயாளி வேண்டுவது யாது?

வைத்தியசாலையிற் கிடப்பவன் தாதியரிடத்து எதனைப் பெரிதாக மதிக்கின்றான்? இவ்வினாவிற்கு விடை காண விழைவோர் ஸ்கூட்டாரியின் சரித்திரத்தை ஒருமுறை ஊன்றி நோக்குதல் வேண்டும்.

கிரிமியா யுத்தத்தில் காயமுற்றும் நோயுற்றும் வந்த ஆங்கிலச் சிப்பாய்கள், இந்நாளில் இஸ்தான்புல் எனப்படும் நகரின் எதிர்க்கரையில் உள்ள ஸ்கூட்டாரியில், துருக்கியரின் படைவீடொன்றில் கிடத்தப்பட்டனர். 1854-ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில் பிளாரென்ஸ் நைட்டிங்கேல் அம்மையார் 38 மாதர்களோடு அங்கு வந்து சேர்ந்தார். அங்குள்ள படுக்கை வரிசைகள் நான்கு மைல் நீளும் என அவரே எழுதினார். இரவு எட்டு மணிக்கு மேல் மற்றத் தாதியர் எவரும் நோயாளர் கூடங்களுட் செல்லலாகாது என்பது அவர் விதித்த கட்டளை. அவர் மட்டும் விளக்கேந்தி நடந்தார். அவ்விளக்கும் படங்களிற் காணும் அகல் போன்றதன்று; மடித்து வைக்கத்தக்க துருக்கிக் கூண்டு விளக்கு. படம் எழுதினோர் அதனைக் கண்டாரில்லை போலும்!

சிப்பாய் ஒருவன் வீட்டிற்கு எழுதிய கடிதம் ஒன்று பெயர் பெற்றது. அதில் அவன் மருந்தைப் புகழவில்லை. அம்மையார் சிலரோடு பேசுவார், பலர்க்குத் தலையசைத்துச் செல்வார், அவர் நிழல் மேலே பட்டாலே நிறைவோடு தலை சாய்ப்போம் என்பதே அவன் கூற்று. இறந்தோரின் வீட்டாருக்கு அம்மையார் தம் கையாற் கடிதம் எழுதினார். சம்பளத்தைச் சிப்பாய்கள் குடித்தே தீர்ப்பர் என்று அதிகாரிகள் கூறியிருக்க, அதனை ஊருக்கு அனுப்பவும் வழி செய்தார்.

இங்குச் சரித்திர ஆராய்ச்சியாளர் ஓர் ஆட்சேபம் கூறுவர். அவர் வந்த பின்னரே மரணம் பெருகிற்று. அக்காலத்துக் கணக்கின்படி 1855 பிப்ரவரியில் நூற்றுக்கு 40-க்கு மேல். மார்ச்சு மாதத்திற் சுகாதாரக் குழுவினர் வந்து, அடைபட்டுக் கிடந்த சாக்கடைகளைத் துப்புரவாக்கிச் சுவர்களுக்குச் சுண்ணாம்பு அடித்தனர். ஜூன் மாதத்தில் அது 2 அளவிற்கு இறங்கிற்று. எண்களோடு உழலும் கிராணி வேலையன் ஆதலின் இவற்றை எளிதாகத் தள்ளிவிட என்னால் இயலாது. அம்மையாரும் தள்ளினாரில்லை, யுத்தம் முடிந்தபின் அக்கணக்குகளை ஆராய்ந்து, வாழ்நாள் முழுதும் துப்புரவிற்காகவே வாதாடினார்.

ஆயின், சிப்பாய்கள் ஏமாந்தனர் எனத் தீர்ப்புக் கூறுதல் பொருந்தாது. சுவருக்கடியில் உள்ள சாக்கடையைப் படுக்கையிற் கிடப்பவன் அறியான். தான் மறக்கப்பட்டானா இல்லையா என்பதை அவனைவிட நன்கறிந்தவர் எவருமிலர்.

அம்மையாரும் இதனைத் தம் உடம்பிலேயே அறியலானார். 1855 மே மாதத்தில் கிரிமியாவிற் கடுங்காய்ச்சல் கண்டு சாவின் வாயில்வரை சென்று மீண்டார். 1857 முதல் பல்லாண்டுகள் பெரும்பாலும் படுக்கையிலேயே கழிந்தன. ஆகவே, 1859-இல் அவர் வெளியிட்ட ‘நோட்ஸ் ஆன் நர்சிங்’ என்னும் நூல் தாதி எழுதியது மட்டுமன்று, நோயாளி எழுதியதுமாகும். கதவுக்கு அப்பால் நின்று கிசுகிசுக்காதீர், பின்னால் நின்று பேசி நோயாளியைத் திரும்பச் செய்யாதீர், அவன் காணுமிடத்தில் அமர்ந்து பேசுங்கள் என்கின்றார். உடல் உழைப்பைக் காட்டிலும் காத்திருத்தலும், என்ன நேருமோ என்னும் ஐயமும் நோயாளியை மிகுதியாக வாட்டும் என்பது அந்நூலின் உயிர்நிலையான கருத்து. முன்னாளிற் தோட்டத்து ஆஸ்பத்திரிகளிற் காய்ச்சலோடு கிடந்து, டிரஸ்ஸர் எப்பொழுது வருவாரோ என வாயிலையே நோக்கியிருந்த பெரியோர்க்கு இதற்கு உரை வேண்டுவதில்லை.

யுத்தத்திற்கு முன்னரே, 1853-இல், லண்டன் ஹார்லி வீதியில் நோயுற்ற மாதர்க்கான சிறு வைத்தியசாலையொன்றை ஏற்றபொழுது, அவர் கேட்ட வசதிகளுள் ஒன்று மணி. நோயாளி இழுத்தால் அது தாதியின் அறைக்கு வெளியே ஒலித்தல் வேண்டும். அதனோடு ஒரு சிறு மூடியும் திறந்து கொள்ளல் வேண்டும். அழைத்தவர் யாரெனத் தாதி வந்து காணும் பொருட்டு அம்மூடி திறந்தபடியே நிற்றல் வேண்டும் என்று எழுதினார்.