தகடூர்ச் சமணரும் குயவன் உவமையும்

உலகத்திற்கும் இறைவனுக்கும் உள்ள இயைபை விளக்கப் புகுந்த நூலோர் பலர் நம் குலத்தொழிலையே உவமையாக எடுத்தாண்டனர். நம்மவரோ 'இறைவன் குயவன், உலகம் பானை' என்று சுருங்கச் சொல்லி மகிழ்ந்து அமைகின்றனர். அவ்வுவமையைப் பற்றி நிகழ்ந்த நெடிய வழக்கினை அறிந்தார் சிலரே. அவ்வழக்கின் இருதிறத்துச் சமயத்தாரும் நம் தகடூரில் வாழ்ந்தனர் என்பது அன்பர்கள் அறியத்தக்கது.

தகடூர் என்பது தருமபுரியின் பழம்பெயர். சகம் 815-ல், அஃதாவது கி.பி. 893-ல், நுளம்ப மன்னன் மகேந்திரன் ஆட்சியில், நிதியண்ணன், சண்டியண்ணன் என்னும் இருவர் இவ்வூரில் சமணப்பள்ளி எடுப்பித்தமையை இங்குக் கிடைத்த கன்னடக் கல்வெட்டுக் கூறும். நுளம்பர் பணி விளங்கும் மல்லிகார்ச்சுனர் கோயிலும் இவ்வூர்க் கோட்டையிலேயே உளது. பின்னாளில் தகடூரை ஆண்ட அதிகமான் விடுகாதழகிய பெருமாள், போளூரையடுத்த திருமலையில், தன் முன்னோனாகிய எழினி அமைத்த இயக்க இயக்கியர் உருவங்களைப் புதுக்கினான்.

சமணர், உலகைப் படைத்தான் ஒருவன் உளன் என்பதை ஒப்பார். உயிரும் சடப்பொருளும் தொடக்கமின்றி உள்ளன. வினை தானே பயன் தரும் என்பர். அவர் விடுக்கும் வினா கூரியது. குயவனுக்குக் கையும் காலும் உண்டு; உடம்பில்லாத இறைவன் எங்ஙனம் வனைவான்? உடம்புளன் எனின், அவ்வுடம்பை வனைந்தார் யார்? இதனை எள்ளி ஒதுக்குதல் நேர்மையன்று.

கி.பி. 13-ஆம் நூற்றாண்டில் சிவஞானபோதம் அருளிய மெய்கண்டாரும், அவர் மாணவர் அருணந்தி சிவாசாரியாரும் அங்ஙனம் ஒதுக்கினாரல்லர். சிவஞான சித்தியாரின் பரபக்கத்தில் பிறர் கொள்கைகளை முதற்கண் நிறுத்தி, அதன் பின்னரே மறுப்புக் கூறப்படுகின்றது. சைவர் விடை இது: குடத்திற்கு மண் முதற்காரணம், தண்டசக்கரம் துணைக்காரணம், குயவன் நிமித்தகாரணம். அவ்வாறே உலகிற்கு மாயை முதல், சத்தி துணை, இறைவன் நிமித்தம்.

இங்கு ஒன்று உற்று நோக்கற்பாலது. குயவன் மண்ணைப் படைப்பதில்லை. ஏரிமண் கொணர்ந்து சேறு மிதித்துப் பழகிய குடியினர்க்கு இதனைப் பிறர் சொல்ல வேண்டுவதில்லை. மாயையும் உயிர்களும் இறைவனைப் போலவே தொடக்கமில்லாதன என்பதே சித்தாந்தம். கிறித்தவர் கூறும் இன்மையினின்று படைத்தல் இதன்கண் இல்லை. ஆகவே சமணர் கொள்கையில் ஒரு பாதியைச் சைவரும் உடன்பட்டவரேயாவர். பிணக்கு எஞ்சிய பாதியிலேதான். மண் தானே குடமாகாது. அறிவற்ற வினை தன்னைச் செய்தவனைத் தானே தேடிச் சென்று பற்றாது. கூட்டுவான் ஒருவன் வேண்டும் என்பர் சைவர். உடம்பு பற்றிய வினாவிற்கு ஞாயிற்றைக் காட்டுவர். அதன் முன்னிலையில் ஒரு தாமரை மலரும், ஒன்று வாடும்; ஞாயிறோ கைநீட்டுவதுமில்லை, மாறுவதுமில்லை. இவ்விடை சமணரை முழுதும் வாயடைத்திருக்கும் என்று யான் கருதவில்லை. எனினும் உவமையின் பெருங்குறை உடம்பு பற்றியதன்று என்பதே என் துணிபு.

சூளையிற் பிரித்த குடம் அரூர்ச் சந்தைக்குச் சென்றபின் வனைந்தவனுக்கும் அதற்கும் தொடர்பில்லை. வனைந்தவன் இறந்த பின்னும் குடம் நீர் கொள்ளும். இறைவனை இங்ஙனம் உலகிற்குப் புறத்தே நிறுத்தச் சித்தாந்தம் இசையாது. ஒன்றாதலுக்கு உடலும் உயிரும், வேறாதலுக்குக் கண்ணும் ஞாயிறும், உடனாதலுக்குக் கண்ணொளியும் உயிரறிவும் என்று உவமை காட்டுவர். குடமும் குயவனும் அவ்விடத்து எடுக்கப்படவில்லை.