பழைய வரைகலை அட்டைகளில் நிகழ்நேரக் கடலலை

நிகழ்நேரக் கடலலை உருவகப்படுத்தல் என்பது, கடலின் மேற்பரப்பை நொடிக்கு 30 முறையோ அதற்கு மேலோ புதிதாகக் கணக்கிட்டுத் திரையில் வரையும் முறையாகும். திரைப்படத்தில் ஒரு படச்சட்டகத்தை உருவாக்க மணிக்கணக்கில் செலவிடலாம். கணினி விளையாட்டிலோ கப்பலோட்டப் பயிற்சிக் கருவியிலோ ஒரு சட்டகத்துக்குக் கிடைக்கும் நேரம் ஏறத்தாழ 33 மில்லிநொடி மட்டுமே. 2001 முதல் 2006 வரை வெளிவந்த வரைகலை அட்டைகளில் இதைச் சாதித்தவர்கள், கடலைப் பற்றிய எந்த உண்மையைக் காப்பது, எதைக் கைவிடுவது என்று ஒவ்வொரு படியிலும் தெரிவு செய்ய வேண்டியிருந்தது.

கடலியல் தந்த அடிப்படை

1802 ஆம் ஆண்டில் பிராகு நகரைச் சேர்ந்த ஃபிரான்ஸ் யோசப் கெர்ஸ்ட்னர் ஆழ்நீர் அலைகளுக்கு ஒரு தீர்வு கண்டார். அதன்படி அலை முன்னேறுகிறது. நீர்த்துகளோ தன் இடத்திலேயே வட்டமிடுகிறது. இதனால் முகடு கூர்மையாகவும் அகடு அகன்றும் அமைகின்றன. சாதாரண சைன் அலையில் இந்த வடிவம் கிடைக்காது.

ஆழ்கடலில் அலையின் வேகம் அதன் அலைநீளத்தைப் பொறுத்தது. 100 மீட்டர் நீளமுள்ள அலை நொடிக்கு ஏறத்தாழ 12.5 மீட்டர் செல்லும்; 1 மீட்டர் அலை 1.25 மீட்டர்தான் செல்லும். நீண்ட அலைகள் சிற்றலைகளை முந்திச் செல்வதால்தான் கடற்பரப்பு கணந்தோறும் மாறுகிறது. எல்லா அலைகளுக்கும் ஒரே வேகம் கொடுத்தால், இழுத்துச் செல்லப்படும் மடிப்புத் துணியைப் போலத் தோன்றும்.

எத்தனை அலை, எவ்வளவு உயரம் என்ற கேள்விக்குப் புள்ளியியல் விடை தந்தது. ஓவன் ஃபிலிப்ஸ் 1958 இலும், வில்லார்ட் பியர்சன், லயனல் மாஸ்கோவிட்ஸ் ஆகியோர் 1964 இலும் காற்றால் எழும் அலைகளின் ஆற்றல் எவ்வாறு பகிர்ந்திருக்கும் என்பதைச் சமன்பாடுகளாக்கினர். காற்றின் வேகம் தெரிந்தால், ஒவ்வோர் அலைநீளத்திலும் எவ்வளவு ஆற்றல் இருக்கும் என மதிப்பிடலாம்.

கணினி வரைகலைக்கு வந்த வழி

1986 இல் அலான் ஃபூர்னியே, வில்லியம் ரீவ்ஸ் ஆகியோர் கெர்ஸ்ட்னரின் அலையைக் கணினி வரைகலைக்குப் பயன்படுத்தினர். அடுத்த ஆண்டில் மாஸ்டின், வாட்டர்பெர்க், மரேடா மூவரும் அலை நிறமாலையையும் ஃபூரியே உருமாற்றத்தையும் இணைத்துக் கடற்காட்சிகளை உருவாக்கினர். ஜெர்ரி டெசன்டார்ஃப் இம்முறையைச் சிக்ராஃப் மாநாட்டுப் பாடக்குறிப்புகளில் விரிவாக விளக்கினார். 'வாட்டர்வேர்ல்ட்' (1995), 'டைட்டானிக்' (1997) படங்களின் கணினிக் கடல்கள் இவ்வழியில் அமைந்தவை.

விரைவு ஃபூரியே உருமாற்றத்தின் பயனை ஓர் எளிய கணக்கு காட்டும். 128க்கு 128 என்னும் வலையில் 16,384 புள்ளிகள் உள்ளன. அத்தனை அலைகளையும் ஒவ்வொரு புள்ளியிலும் நேராகக் கூட்டினால் சுமார் 26.8 கோடிப் பெருக்கல்கள் தேவை. கூலி, டூக்கி இருவரும் 1965 இல் வெளியிட்ட வழிமுறையில் இது சுமார் 2.3 லட்சம் படிகளாகக் குறைகிறது.

அட்டைகளின் எல்லைகள்

2001 இல் வந்த ஜீஃபோர்ஸ் 3 அட்டையில், முப்பரிமாண வலையின் முனைகளை நகர்த்தும் சிறு நிரல்களை எழுத முடிந்தது. ஆயினும் அந்த நிரல்களில் இடம் மிகக் குறைவு. சில அலைகளை மட்டுமே கூட்டலாம். 2003 இல் வெளியான 'ஊரு' விளையாட்டுக்காக மார்க் ஃபின்ச் இதற்கு ஒரு வழி வகுத்தார். பெரிய அலைகள் நான்கை மட்டும் வலையின் வடிவில் கூட்டினார். சிற்றலைகளை ஒரு படப்பரப்பில் எழுதி, ஒளி பட்டுத் திரும்பும் திசையை மட்டும் அவை மாற்றும்படி செய்தார். சிற்றலையின் உயரம் கண்ணுக்குத் தெரிவதில்லை. அதன் மினுக்கம்தான் தெரிகிறது.

அடுத்த தடை எண்களின் நுட்பம். பழைய அட்டைகளின் படப்பரப்பில் ஒரு மதிப்புக்கு 8 பிட்டுகள், அதாவது 256 படிநிலைகள் மட்டுமே. 5 மீட்டர் உயர வேறுபாட்டை அதில் அடக்கினால் ஒரு படி ஏறத்தாழ 2 சென்டிமீட்டர் ஆகும். வழவழப்பான நீர்ப்பரப்பின் பிரதிபலிப்பில் இது படிக்கட்டாகத் தெரிந்துவிடும். 2002 இல் வந்த ரேடியான் 9700 அட்டை மிதவைப் புள்ளி எண்களைக் கையாண்டதால் இந்தத் தடை தளர்ந்தது.

2004 இன் ஜீஃபோர்ஸ் 6800 அட்டையில், வலையின் முனைகளே படப்பரப்பிலிருந்து உயரத்தைப் படித்துக்கொள்ள முடிந்தது. 'பசிபிக் ஃபைட்டர்ஸ்' விமான விளையாட்டின் கடல் இவ்வசதியைப் பயன்படுத்தியது. 2005 இல் ஏடிஐ நிறுவனத்தின் ஜேசன் மிட்செல், ஃபூரியே உருமாற்றத்தையே வரைகலை அட்டையில் நடத்தும் முறையை வெளியிட்டார். இத்தகைய முறையில் இரண்டு படப்பரப்புகள் மாறி மாறிப் பயன்படுகின்றன. ஒன்றிலிருந்து படித்து மற்றொன்றில் எழுத வேண்டும். 128 அளவு வலைக்குக் கிடையாக 7, நெடுக்காக 7 என 14 சுற்றுகள் தேவை.

கைவிடப்பட்டவை

ஃபூரியே முறையில் கிடைப்பது தரையோட்டைப் போல் திரும்பத் திரும்ப ஒட்டக்கூடிய ஒரு துண்டுக் கடல். உயரத்திலிருந்து பார்த்தால் ஒரே கோலம் வரிசையாகத் தெரியும். அளவில் வேறுபட்ட இரண்டு துண்டுகளைக் கலந்து இதை மறைப்பது வழக்கம். அடிவானம் வரை நெருக்கமான வலை விரிக்கவும் முடியாது. 2004 இல் லண்ட் பல்கலைக்கழக ஆய்வேட்டில் கிளாஸ் யோஹான்சன், பார்வையாளரின் கண்ணிலிருந்து கடல்மீது வீழ்த்தப்படும் வலையை முன்வைத்தார். அதில் அருகில் புள்ளிகள் நெருங்கியும் தொலைவில் விலகியும் அமையும்.

முகட்டைக் கூர்மையாக்கப் புள்ளிகளைப் பக்கவாட்டில் அதிகம் நகர்த்தினால், பரப்பு தன்னைத்தானே மடித்துக்கொள்ளும். கணக்கில் பிழையான அந்த இடமே இயற்கையில் அலை உடையும் இடத்தை ஒத்திருப்பதால், அங்கு நுரை தீட்டப்பட்டது. ஆனால் சுருண்டு விழும் அலையையும் கரையில் மோதிச் சிதறும் நீரையும் இம்முறைகள் தருவதில்லை.

அலைநீளத்துக்கும் வேகத்துக்கும் உள்ள தொடர்பை மட்டும் இவற்றில் எதுவும் கைவிடவில்லை. அதற்கான செலவு ஓர் அலைக்கு ஒரு வர்க்கமூலம்தான். அதையும் தொடக்கத்தில் ஒருமுறை கணக்கிட்டு வைத்தால் போதும். இதைக் கற்க விரும்பும் மாணவர்கள் நான்கு கெர்ஸ்ட்னர் அலைகளுடன் தொடங்கலாம். நான்குக்கும் ஒரே வேகம் கொடுத்து ஒருமுறையும், உரிய வேகங்களைக் கொடுத்து மறுமுறையும் ஓட்டிப் பார்த்தால் வேறுபாடு உடனே புலப்படும்.