காலை மூன்று மணி நேரம்: தமிழ் வீட்டின் வேலை ஒழுங்கும் நேரப் பகிர்வும்

1. ஆய்வுப் பொருள்

வீட்டை ஒழுங்குபடுத்துவது பற்றிப் பேசும் நூல்களும் காணொளிகளும் பெரும்பாலும் அலமாரியில்தான் தொடங்குகின்றன. வேண்டாததைக் கழித்துக்கட்டு, டப்பாக்களில் பெயர் ஒட்டு, நாளைய பட்டியலை இன்றிரவே எழுது என்கின்றன. இவற்றால் பயன் உண்டு. ஆனால் கணவனும் மனைவியும் வேலைக்குப் போய், பிள்ளைகள் பள்ளிக்குப் போகும் ஒரு நகரத்துத் தமிழ் வீட்டில் காலை ஐந்தரைக்கும் எட்டரைக்கும் இடையே நடப்பதை அந்த அறிவுரைகள் தொடுவதே இல்லை. பால் காய வேண்டும்; டிகாக்ஷன் இறங்க வேண்டும்; காலைக்கு ஒன்றும் மதிய டப்பாவுக்கு வேறொன்றுமாகச் சமையல் ஆக வேண்டும்; சீருடை, தண்ணீர் பாட்டில், மாமியாரின் சர்க்கரை மாத்திரை எல்லாம் அந்தந்த நேரத்துக்குக் கைக்கு வர வேண்டும். இத்தனையும் முடிவதற்குள் ஆட்டோ வாசலில் ஹாரன் அடித்துவிடும்.

இந்த மூன்று மணி நேரமே இக்கட்டுரையின் ஆய்வுக்களம். வீட்டில் நேரம் பற்றாமல் போவதற்கு முதற்காரணம், எந்த வேலை எப்போது ஆக வேண்டும் என்று நினைத்துக்கொண்டே இருக்கும் பொறுப்பு முழுவதும் ஒருவர் தலையில் இருப்பதுதான் என்பது இதன் கருத்து. அதைப் பிரிக்காமல் அலமாரியை எத்தனை முறை அடுக்கினாலும் காலை மாறாது.

2. வேலையின் மூவகை

வீட்டு வேலைகளைச் சமையல், துப்புரவு, துணி என்று இடத்தை வைத்துப் பிரிப்பதே வழக்கம். நேரத்தைப் புரிந்துகொள்ள அந்தப் பகுப்பு உதவாது. வேலையின் இயல்பை வைத்து மூன்றாகப் பிரிக்கலாம்.

முதலாவது கைவேலை: நறுக்குவது, தேய்ப்பது, பெருக்குவது. கை நின்றால் வேலையும் நின்றுவிடும். இரண்டாவது தானே நடக்கும் வேலை: அரிசி ஊறுவது, மாவு புளிப்பது, குக்கரில் பருப்பு வேகுவது, துணி காய்வது. தொடங்கிவைக்கவும் முடித்துவைக்கவும் மட்டும் ஆள் வேண்டும். மூன்றாவது நினைவுவேலை: இன்று இரவு கொண்டைக்கடலை ஊறப்போட்டால்தான் நாளைக்குச் சுண்டல், கேஸ் தீர இன்னும் நான்கு நாள்தான், வெள்ளிக்கிழமை பெற்றோர் கூட்டம் என்று மனத்துக்குள் ஓடிக்கொண்டே இருப்பது. இது கண்ணில் படாது; இடமும் நேரமும் பார்க்காது. பேருந்திலும் நடக்கும், அலுவலகக் கூட்டத்தின் நடுவிலும் நடக்கும்.

முதல் வகையைக் கருவியால் குறைக்கலாம். இரண்டாவதை முன்பின் வரிசையால் ஆளலாம். மூன்றாவதைப் பகிர்ந்தால் ஒழியக் குறைக்க வழியில்லை.

3. தானே நடக்கும் வேலையும் தமிழ்ச் சமையலறையும்

நேரத்தை ஆளும் கலையை அலுவலகத்திடமிருந்துதான் வீடு கற்க வேண்டும் என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது. தமிழ்ச் சமையலறையைக் கூர்ந்து பார்த்தவர்களுக்கு இது ஒப்பாது. இட்லி மாவையே எடுத்துக்கொள்வோம். நான்கு பங்கு புழுங்கலரிசிக்கு ஒரு பங்கு உளுந்து, ஒரு சிட்டிகை வெந்தயம். நான்கைந்து மணி நேரம் ஊற வேண்டும். கிரைண்டரில் உளுந்து பொங்கி வர அரை மணி ஆகும், பிறகு அரிசி. உப்புப் போட்டுக் கரைத்து வைத்தால் சென்னைக் கோடையில் ஆறேழு மணி நேரத்தில் பொங்கிவிடும். மார்கழியிலும் ஊட்டிக் குளிரிலும் பன்னிரண்டு மணி நேரமும் போதாது. சனிக்கிழமை பிற்பகல் ஊறப்போட்டு, இரவு அரைத்து, ஞாயிறு காலை பொங்கிய மாவை ஃபிரிட்ஜில் வைத்தால் புதன் வரை காலைச் சமையலின் பெரும்பாரம் இறங்கிவிடுகிறது.

இதில் மனிதக் கை படும் நேரம் மிகக் கொஞ்சம். மீதியெல்லாம் நுண்ணுயிர்களின் உழைப்பு. ஆனால் எந்த நேரத்தில் தொடங்கினால் எந்த நேரத்தில் முடியும், வெயிலுக்குத் தக்கபடி எவ்வளவு முன்பின் தள்ள வேண்டும் என்ற கணக்கு துல்லியமாக இருக்க வேண்டும். தயிருக்கு உறை ஊற்றுவதும், வற்றல் காயவைப்பதும், வருடத்துக்கு வேண்டிய புளியைக் கொட்டை நீக்கி உப்போடு அடைத்துவைப்பதும் இதே அறிவின் வேறு வடிவங்கள். ஓய்வுள்ள நேரத்தின் உழைப்பை நெருக்கடியான நேரத்துக்கு மாற்றித் தரும் முறை இது. எழுத்தில் இல்லாமல், சமையலறையில் நின்று பார்த்தே கற்கப்பட்டதால், இதை அறிவு என்று யாரும் எண்ணிப் பார்க்கவில்லை.

ஆகவே காலை நெருக்கடிக்கு முதல் பரிகாரம் முந்தின இரவிலும் வார இறுதியிலும் இருக்கிறது. தேங்காய் துருவி வைப்பது, சாம்பாருக்குப் பருப்பை வேகவைத்து எடுத்து வைப்பது, புளிக்காய்ச்சல் ஒரு பாட்டில் இருப்பில் இருப்பது ஆகிய மூன்றுமே காலையில் அரை மணியை விடுவிக்கும். இங்கே ஒரு சிக்கல் எழுகிறது. முன்கூட்டிச் செய்வது எவ்வளவு கூடுகிறதோ அவ்வளவு நினைவுவேலையும் கூடும். மாவு தீரப்போவதை யாராவது கவனித்துக்கொண்டிருக்க வேண்டும் அல்லவா?

4. இடத்தின் ஒழுங்கு

பொருள்களின் இருப்பிடம் பற்றிய முறையான ஆய்வு இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்காவில் வலுப்பெற்றது. தொழிற்சாலைகளில் தொழிலாளியின் அசைவுகளை அளந்துகொண்டிருந்த காலம் அது. கிறிஸ்டின் ஃபிரெடரிக் 1912இல் ஒரு மகளிர் இதழில் எழுதிய கட்டுரைகளில் அந்த அளவையைச் சமையலறைக்குள் கொண்டுவந்தார். அடுப்புக்கும் மேசைக்கும் தொட்டிக்கும் இடையே நடக்கும் நடையைப் படமாக வரைந்து, வேலையின் வரிசைப்படியே பொருள்களும் வரிசையாக நிற்க வேண்டும் என்று காட்டினார்.

அதன் உச்சம் ஜெர்மனியில் 1926இல் உருவான ஃபிராங்ஃபர்ட் சமையலறை. கட்டடக் கலைஞர் மார்கரெட்டே ஷூட்டே-லிஹோட்ஸ்கி வடிவமைத்தது. அகலம் ஏறத்தாழ 1.9 மீட்டர், நீளம் ஏறத்தாழ 3.4 மீட்டர். ரயில் வண்டியின் சமையல் பெட்டி அவருக்கு முன்மாதிரிகளில் ஒன்று. மாவுக்கும் அரிசிக்கும் பெயர் பொறித்த அலுமினிய இழுப்பறைகள் கைக்கெட்டும் உயரத்தில் இருந்தன. தொழிலாளர் குடியிருப்புகளில் ஏறத்தாழ 10,000 வீடுகளில் இது அமைக்கப்பட்டது. பெண்ணின் உழைப்பைக் குறைத்து அவளுக்கு நேரம் மீட்டுத் தர வேண்டும் என்பதே வடிவமைப்பாளரின் உண்மையான நோக்கம்.

ஆனால் அந்த அறையில் ஒருவர்தான் நிற்க முடியும். இரண்டாம் ஆள் நுழைந்தால் இடிபடும். உதவ வந்த பிள்ளையும் கணவனும் வாசலோடு நின்றுவிடுவார்கள். ஒருவருக்கென்றே செம்மையாக அமைந்த இடம், அந்த வேலையை அந்த ஒருவருக்கே நிலைப்படுத்திவிடுகிறது. இன்று சென்னையின் இரண்டு படுக்கையறை அடுக்ககங்களில் ஒடுங்கிய மேடையோடு கட்டப்படும் சமையலறைகளைப் பார்க்கும்போது இதுவே நினைவுக்கு வருகிறது. வீடு வாங்குவோர் கூடத்தின் அளவைக் கேட்கிறார்கள். சமையலறையில் இருவர் நின்று வேலை செய்ய முடியுமா என்று கேட்பவர் குறைவு.

எனவே இட ஒழுங்குக்கு நான் முன்வைக்கும் அளவுகோல் அழகும் அன்று, அடிக்கணக்கும் அன்று. வழக்கமாகச் சமைக்காத ஒருவர், யாரையும் கேட்காமல், ஒரு காப்பி போட்டுவிட முடிகிறதா? சர்க்கரை எங்கே, வடிகட்டி எங்கே என்று குரல் கொடுக்க வேண்டியிருந்தால், அந்த வீட்டின் ஒழுங்கு ஒருவர் மூளைக்குள் மட்டுமே இருக்கிறது என்று பொருள். அஞ்சறைப் பெட்டி இந்தச் சோதனையில் எளிதாகத் தேறும். திறந்தவுடன் கடுகும் மிளகும் சீரகமும் கண்ணுக்குத் தெரியும். ஒரே மாதிரியான, உள்ளே இருப்பது தெரியாத எவர்சில்வர் டப்பாக்களின் வரிசை தேறாது. பெயர் ஒட்டுவதன் உண்மையான பயன் இங்கேதான்: அடுக்கியவருக்காக அல்ல, அடுத்தவருக்காக ஒட்டுகிறோம்.

5. கருவிகள் மீட்ட நேரம்

ஆட்டுக்கல்லில் குழவி சுற்றிய தலைமுறைக்குக் கிரைண்டர் தந்த விடுதலையை எந்தக் கோட்பாடும் குறைத்துப் பேசக் கூடாது. 1950களில் கோவையில் உருவான மின் கிரைண்டர், தோளிலும் முதுகிலும் இருந்த வலியை இறக்கிவைத்தது. 2011இல் தொடங்கிய தமிழக அரசின் விலையில்லா மிக்ஸி, கிரைண்டர், மின்விசிறித் திட்டம் அதை ஏழை வீடுகளுக்கும் கொண்டுபோனது.

ஆயினும் கருவி வந்தால் நேரம் மிஞ்சும் என்ற கணக்கு எப்போதும் பலிப்பதில்லை. அமெரிக்கப் பதிவுகளை ஆராய்ந்த ஜோன் வானெக் 1974இல் வெளியிட்ட கட்டுரை, வெளி வேலைக்குப் போகாத இல்லத்தரசிகள் 1920களில் வாரத்துக்கு ஏறத்தாழ 52 மணி நேரமும் 1960களில் ஏறத்தாழ 55 மணி நேரமும் வீட்டு வேலை செய்ததாகக் காட்டியது. இடையில் சலவை இயந்திரமும் குளிர்பெட்டியும் மின்சாரமும் வந்துவிட்டன. வரலாற்றாசிரியர் ரூத் ஷ்வார்ட்ஸ் கோவன் 1983இல் எழுதிய நூலில் காரணத்தை விளக்கினார்: கருவி வந்ததும் தரத்தின் எதிர்பார்ப்பு உயர்ந்தது; முன்பு வண்ணானும் வேலையாளும் ஆண்களும் பிள்ளைகளும் செய்துவந்த பங்கு விலகி, எல்லாம் இல்லத்தரசியிடம் வந்து சேர்ந்தது.

நம் வீடுகளிலும் அதைக் காணலாம். மிக்ஸி வந்தபின் ஒரு சட்னி இரண்டாயிற்று. சலவை இயந்திரம் வந்தபின் ஒரு முறை உடுத்தியது அழுக்குக் கூடைக்குப் போகிறது. தேவையற்ற உயர்தரத்தைக் கைவிடுவதும் நேர மேலாண்மையே. வாரநாள் காலைக்கு ஒரு சட்னி போதும் என்று வீடு முழுவதும் கூடி முடிவெடுக்கலாம். ஒருவர் மட்டும் முடிவெடுத்தால் அது குறையாகவே பேசப்படும்.

6. அளந்ததும் அளவுக்குள் வராததும்

இந்தியாவில் நேரப் பயன்பாட்டை அளக்கும் முன்னோடிக் கணக்கெடுப்பு 1998-99இல் ஆறு மாநிலங்களில் நடந்தது. அவற்றுள் தமிழ்நாடும் ஒன்று. நாடு தழுவிய முதல் கணக்கெடுப்பு 2019இல் நடந்தது. அதன்படி, குடும்பத்துக்காக ஊதியமின்றி வீட்டு வேலை செய்ததாகப் பதிவான பெண்கள் நாளுக்குச் சராசரியாக 299 நிமிடம் செலவிட்டார்கள். ஆண்கள் 97 நிமிடம். 2024இன் கணக்கெடுப்பில் இவை முறையே 289, 88 என்று வந்தன. பெண்களின் நேரம் பத்து நிமிடம் இறங்கியிருக்கிறது. ஆண்களின் நேரமும் இறங்கியிருப்பதால், அந்தப் பத்து நிமிடத்தை ஆண் ஏற்றுக்கொண்டதாகச் சொல்ல இடமில்லை.

இந்த எண்களுக்குச் சட்டத்திலும் எடை கிடைத்திருக்கிறது. விபத்தில் இறந்த இல்லத்தரசியின் உழைப்புக்கு மதிப்பிடும்போது உச்ச நீதிமன்றம் 2021இல் 2019ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பை எடுத்தாண்டது. கணவன் ஈட்டி வாங்கிய சொத்தில் மனைவியின் வீட்டு உழைப்புக்கும் பங்குண்டு என்று சென்னை உயர் நீதிமன்றம் 2023இல் தீர்ப்பளித்தது.

எனினும் நாளை அரை மணிக் கூறுகளாகப் பிரித்து, என்ன செய்தீர்கள் என்று கேட்கும் முறையில் நினைவுவேலை அகப்படாது. சமூகவியலாளர் ஆலிசன் டேமிங்கர் 2019இல் வெளியிட்ட ஆய்வு அதை நான்கு கட்டங்களாகப் பிரித்தது: தேவையை முன்கூட்டி உணர்வது, வழிகளைத் தேடுவது, முடிவெடுப்பது, நடந்ததா என்று கண்காணிப்பது. அவர் பேசிய அமெரிக்கத் தம்பதியரிடையே முடிவெடுப்பதில் ஆண்கள் கலந்துகொண்டார்கள். முதல் கட்டமும் கடைசிக் கட்டமும் பெரிதும் பெண்களிடமே இருந்தன. நம் வீடுகளில் ‘என்ன வாங்கணும்னு சொல்லு, வாங்கிட்டு வரேன்’ என்பது அன்போடுதான் சொல்லப்படுகிறது. சொல்ல வேண்டிய பொறுப்பு அப்போதும் அவளிடமே நிற்கிறது.

7. வீட்டுக்கு வெளியே தீர்மானமாகும் நேரம்

நேர மேலாண்மை நூல்கள் ஒவ்வொருவருக்கும் அவரவர் நேரம் சொந்தம் என்று எடுத்துக்கொள்கின்றன. குழாயில் ஒரு நாள் விட்டு ஒரு நாள் தண்ணீர் வரும் ஊரில் அது பொய். தண்ணீர் ஐந்து மணிக்கு வந்தால் எழும் நேரத்தைக் குழாய்தான் தீர்மானிக்கிறது. சென்னையில் 2019 கோடையில் லாரித் தண்ணீருக்காகக் குடங்களோடு காத்திருந்த குடும்பங்களுக்குப் பட்டியல் எழுதும் அறிவுரையால் என்ன ஆகியிருக்கும்?

வெளியிலிருந்து வரும் மாற்றம் நன்மையாகவும் அமையும். 2022 செப்டம்பர் 15இல் தொடங்கிய முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் 2023 ஆகஸ்டில் மாநிலத்தின் அரசு தொடக்கப் பள்ளிகள் அனைத்துக்கும் விரிந்தது. பிள்ளையின் பசியைத் தீர்க்கும் திட்டமாகவே அது பேசப்படுகிறது. விடிகாலையில் வேலைக்குக் கிளம்பும் தாயின் காலையிலிருந்து ஒரு சமையலை அது எடுத்துவிடுகிறது என்பதும் அதே அளவுக்கு முக்கியம்.

8. முழு வேலையாகப் பகிர்தல்

‘கொஞ்சம் உதவி செய்’ என்ற பகிர்வு நினைவுவேலையைத் தொடாது. ஒரு வேலையின் தொடக்கம் முதல் முடிவு வரை ஒருவரிடம் போக வேண்டும். மாவு கணவன் பொறுப்பு என்றால், உளுந்து தீர்வதைக் கவனிப்பது, வாங்குவது, ஊறப்போடுவது, அரைப்பது, கிரைண்டரைக் கழுவுவது, மாவு புளித்துப்போகும் முன் ஃபிரிட்ஜில் வைப்பது எல்லாம் அவனுடையவை. பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்குத் தன் சீருடையும் பாட்டிலும் முழுப்பொறுப்பாகலாம். கேஸ் பதிவும் மருந்துக் கணக்கும் தாத்தாவிடம் போகலாம். பல வீடுகளில் அவர்தான் மிகக் கவனமாகச் செய்கிறார்.

கொடுத்தவர் அதன்பின் நினைவூட்டக் கூடாது. இதுவே கடினமான பகுதி. ஒரு ஞாயிறு மாவு இல்லாமல் போகும். அன்று உப்புமா சாப்பிட்டுக்கொள்ளலாம். உடனே பொறுப்பைத் திரும்ப வாங்கிக்கொண்டால் பழைய நிலையே நிலைக்கும். வேலையின் தரம் என்ன என்பதைக் கொடுக்கும்போதே பேசி முடித்துவிட வேண்டும்.

வீட்டு வேலைக்கு ஆள் வைத்திருப்பவர்கள் இன்னொன்றையும் கணக்கில் கொள்ள வேண்டும். ஆறரைக்குப் பாத்திரம் தேய்க்க வரும் பெண், தன் வீட்டின் காலையை நாலரைக்கே தொடங்கியிருப்பார். நம் நெருக்கடி தீரவில்லை. அவர் வீட்டுக்கு இடம் மாறியிருக்கிறது. முந்தின இரவின் பாத்திரங்களை அவரவரே கழுவிக் கவிழ்த்துவிட்டால், காலைப் பாத்திரத்துக்கு அவர் ஒன்பது மணிக்கு வந்தாலும் போதும். நேரத்தை நிர்ணயிக்கும் முன் அவருக்கு எந்த நேரம் தோது என்று கேட்பதும், அதற்கேற்ப நம் வரிசையை மாற்றி அமைப்பதும் இந்த ஆய்வுக்குள் அடங்கும் வேலைகளே.