குருந்தக்கல்லும் என் பெல்ட் கிரைண்டரும்

கிரைண்டர்னதும் மாவாட்டுற மிஷினை நினைச்சுக்காதீங்க. பெல்ட் கிரைண்டர்ங்கிறது அருவாள், மம்பட்டி, களைக்கொத்துக்குச் சாணை பிடிக்கிற மிஷின். ரெண்டு மூணு உருளை மேல சாணைப்பொடி ஒட்டின துணி வார் ஓடும். அதுல இரும்பைக் காட்டினா தேயும், அவ்வளவுதான். போன கோடையில நானே ஒண்ணு செஞ்சேன். அப்பத்தான் அந்தப் பொடியோட கதையைத் தேடிப் படிச்சேன். சுத்திச் சுத்தி அது எங்க காங்கேயம் பக்கமே வந்து நின்னுது.

அந்தக் காலச் சாணைக்கல் பாறையில வெட்டின கல் இல்லைங்க. குருந்தக்கல்லை இடிச்சுப் பொடியாக்கி, உருக்கின அரக்கோட சேர்த்துச் சக்கரமா செய்வாங்க. அச்சுல ஒரு வாரைச் சுத்தி ஒருத்தர் முன்னும் பின்னும் இழுப்பார், இன்னொருத்தர் இரும்பைப் பிடிப்பார்.

குருந்தம் சாமானியக் கல் இல்லை. கடினத்துக்கு வைரத்தை 10ன்னு வெச்சா இது 9. தெளிஞ்சு சிவப்பா இருந்தா மாணிக்கம், நீலமா இருந்தா நீலக்கல், மங்கிக் கிடந்தா சாணைப்பொடி. மூணும் ஒரே சரக்குதான். எங்க சிவன்மலையிலயும், நாமக்கல் பக்கம் சித்தம்பூண்டியிலயும் இது கிடைக்குது. சிவன்மலைப் பாறைகளைப் பத்தி இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையில இருந்த ஹாலந்து 1901-ல ஒரு நூலே எழுதியிருக்கார். அதுக்கும் முன்னால, 1798-ல, சார்லஸ் கிரெவில் இந்தக் கல்லைப் பத்தி லண்டன் ராயல் சொசைட்டி இதழ்ல கட்டுரை போட்டார். இங்கிலீஷ்ல இதுக்குப் பேர் ‘கொரண்டம்’. நம்ம ‘குருந்தம்’தான் கப்பலேறி அப்படி ஆச்சு.

1891-ல அமெரிக்காவுல அச்சிசன்ங்கிறவர் களிமண்ணையும் கரித்தூளையும் கலந்து மின்சாரத்துல காய்ச்சினார். பளபளன்னு கெட்டியான பொடி வந்துது. கரியும் குருந்தமும் சேர்ந்ததுன்னு நினைச்சு ‘கார்போரண்டம்’னு பேர் வெச்சார். உண்மையில அது சிலிக்கான் கார்பைடு, குருந்தம் அதுல துளியும் இல்லை. ஆனா பேர் நின்னுடுச்சு. 1954-ல அதே பேரோட சென்னையில கார்போரண்டம் யுனிவர்சல் கம்பெனி ஆரம்பிச்சாங்க. நம்ம மண்ணுல இருந்து போன சொல்லு, கம்பெனிப் பேரா திரும்பி வந்துது.

என் மிஷின்ல ஓடுற பழுப்பு வார்ல இருக்கிறது அலுமினியம் ஆக்சைடு. பாக்சைட்டை மின் உலையில உருக்கிச் செய்யறது. சேர்மானம் பார்த்தா அதுவும் குருந்தம்தான், மலையில தோண்டாம உலையில பிறந்தது.

மிஷின் செலவு பெருசில்லை. பழைய அரை எச்.பி. மோட்டார், நிமிஷத்துக்கு 1440 சுத்து. அதுல 4 அங்குல உருளை. வார் நிமிஷத்துக்குச் சுமார் 450 மீட்டர் ஓடும். மேல் உருளையை லேத்துல கடையறப்ப நடுவுல லேசா மேடு வெக்கச் சொல்லணும். வார் எப்பவும் மேட்டைத் தேடி ஏறும், அதனால விலகாது. ஒரு ஸ்பிரிங், வாரை இழுத்துப் பிடிக்க. கண்ணாடி போடாம பக்கத்துல போகக்கூடாது.

ரெண்டு நிமிஷத்துல கொடுவாள் பதமாயிடுது. ஆனா அழுத்திப் பிடிச்சா விளிம்பு நீலம் பாய்ஞ்சுடும், ஆசாரி காய்ச்சித் தண்ணியில தோய்ச்சு ஏத்தின உறுதி போயிடும். அதனால தொட்டுத் தொட்டுத் தண்ணியில முக்கணும். பல் வெச்ச கதிர் அருவாளுக்கு இந்த மிஷின் ஆகவே ஆகாது. அந்தப் பல்லை உளி வெச்சு ஒவ்வொண்ணா வெட்டணும். எங்க ஊர்ப் பட்டறை மூடிப் பல வருஷமாச்சு. அந்த வேலை தெரிஞ்ச ஒரு பெரியவர் பக்கத்து ஊர்ல இன்னும் இருக்கார். வருஷத்துக்கு ஒரு தடவை அருவாளைக் கட்டி எடுத்துட்டு அவர்கிட்டத்தான் போறேன். அவருக்கப்புறம் யாருன்னு தெரியலை.

அடுத்த தடவை உப்புத்தாள் வாங்கினா பின்பக்கம் பாருங்க. அலுமினியம் ஆக்சைடுன்னு போட்டிருந்தா, உங்க கையில இருக்கிறது குருந்தம். அதைப் பசங்ககிட்டச் சொல்லுங்க.