அமாங் முதல் அருமண் வரை: பேராக் சுரங்கத் தொழிலின் மீட்சியும் புக்கிட் மேராவின் நினைவும்

மலேசிய அரசின் கனிமக் கொள்கை ஆவணங்களில் அண்மைக்காலமாக ஒரு தொடர் தவறாது இடம்பெறுகிறது: 'கதிரியக்கமற்ற அருமண் தனிமங்கள்'. காற்றாலைகளுக்கும் மின்னூர்திகளுக்கும் வேண்டிய நிலைக்காந்தங்கள் நியோடிமியம், டிஸ்புரோசியம் முதலிய அருமண் தனிமங்களால் ஆனவை. பசுமை ஆற்றலுக்கு உரியதெனப் போற்றப்படும் ஒரு பொருளுக்கு இத்தகைய எதிர்மறை அடைமொழி ஏன் வேண்டியிருந்தது? இதற்கான விடை பேராக் மாநிலத்தின் கிந்தாப் பள்ளத்தாக்கில் உள்ளது.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் உலகின் வெள்ளீயத்தில் ஏறத்தாழப் பாதியை மலாயா அளித்தது. அவ்வீயத்தைத் துறைமுகத்திற்குக் கொண்டுசெல்லவே 1885இல் தைப்பிங்–போர்ட் வெல்ட் இருப்புப்பாதை திறக்கப்பட்டது. அதனை அமைத்தவர்கள் இலங்கையிலிருந்து வரவழைக்கப்பட்ட பயனியர் படையினர். சுரங்க உழைப்பு பெரும்பாலும் சீனர்களுடையது. தமிழர்களின் உழைப்பு தோட்டங்களிலும் பாதைகளிலும் கழிந்தது. எனினும் 'லோம்போங்' என்னும் மலாய்ச் சொல் 'ஈயலம்பம்' என மலேசியத் தமிழில் நிலைபெற்றுவிட்டது. 1985 அக்டோபரில் அனைத்துலக ஈய மன்றம் நிலைகுலைந்து விலை வீழ்ந்தபின் சுரங்கங்கள் ஒவ்வொன்றாக மூடப்பட்டன. எஞ்சியவை குட்டைகளும் மணல்வெளிகளும் 'அமாங்' எனப்படும் கழிவுக் கனிமமும்.

அமாங்கில் மோனசைட் உண்டு. மோனசைட்டில் அருமண் தனிமங்களோடு தோரியமும் உண்டு. ஜப்பானின் மிட்சுபிஷி கெமிக்கல் பங்குபெற்ற ஏசியன் ரேர் எர்த் நிறுவனம் 1982 முதல் ஈப்போவை அடுத்த புக்கிட் மேராவில் இதனைப் பிரித்தெடுத்தது. கழிவைப் பாப்பானில் புதைக்க முனைந்தபோது 1984இல் அவ்வூர் மக்கள் திரண்டு எதிர்த்தனர். மறு ஆண்டு புக்கிட் மேராவாசிகள் எண்மர் வழக்குத் தொடுத்தனர். 1992 ஜூலையில் ஈப்போ உயர்நீதிமன்றம் ஆலையை மூட ஆணையிட்டது. 1993 டிசம்பரில் உச்சநீதிமன்றம் அத்தீர்ப்பை மாற்றியது. மேல்முறையீட்டில் வென்ற நிறுவனமே அடுத்த மாதம் ஆலையை மூடுவதாக அறிவித்தது என்பது இவ்வரலாற்றின் விந்தை. சட்டத்தில் தோற்றவர்கள் ஊரைக் காத்துக்கொண்டனர் என்றே இதனைக் கொள்ள வேண்டும். ஆனால் கழிவு போகவில்லை. அது கிளேடாங் மலையில் புதைக்கப்பட்டுள்ளது.

வழக்காடிய எண்மரும் அவ்வூரினர். அவர்களுக்குத் துணைநின்றோரில் தமிழர் சிலர் முதன்மையானவர்கள் என்பது நம் ஆய்வுகளில் போதிய அளவு பதிவு பெறவில்லை. பினாங்குப் பயனீட்டாளர் சங்கத்தை நெடுங்காலம் வழிநடத்திய எஸ்.எம். முகமது இத்ரீஸ், வழக்கறிஞர் மீனாட்சி ராமன், ஊர்மக்களின் உடல்நலத்தை ஆராய்ந்த மருத்துவர் த. ஜெயபாலன் ஆகியோர் குறிப்பிடத்தக்கவர்கள். மீனாட்சி ராமன் 1987இன் 'லாலாங்' நடவடிக்கையில் உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ்த் தடுத்துவைக்கப்பட்டார். புலம்பெயர் தமிழர் வரலாற்றைத் தோட்டத்திற்குள்ளேயே தேடும் பழக்கம் இத்தகையோரை நம் பார்வையிலிருந்து மறைத்துவிடுகிறது.

இப்போதைய மீட்சி வேறொரு மண்ணிலிருந்து தொடங்குகிறது. ஹுலு பேராக்கின் கெனெரிங் பகுதியில் முன்னோடித் திட்டமாக மேற்கொள்ளப்பட்ட முறையில், அயனிக் களிமண்ணுக்குள் அம்மோனியம் சல்பேட்டுக் கரைசலைச் செலுத்தி அருமண்ணைக் கரைத்தெடுக்கின்றனர். பெருங்குழி தோண்டப்படுவதில்லை. ஈயலம்பம் விட்டுச்சென்ற குட்டையை எவரும் காணலாம். நிலத்தடியில் செலுத்தப்படும் கரைசலின் போக்கை ஊரார் காண இயலாது. மூலப்பொருளாகவே அருமண் ஏற்றுமதியாவதை 2024 ஜனவரி 1 முதல் அரசு தடைசெய்தது. அதற்குச் சில நாள் முன்னர், 2023 டிசம்பரில், அருமண் பிரித்தெடுக்கும் தொழில்நுட்பத்தின் ஏற்றுமதியைச் சீனா தடைசெய்தது. மண்ணைத் தன்னிடமே வைத்துக்கொள்ள முடிவுசெய்த நாட்டிற்கு, அதைப் பிரிக்கும் வித்தையை அவ்வித்தையில் தலைசிறந்த நாடு தர மறுத்தது.

இதில் மாநிலங்களின் நலனும் கலந்துள்ளது. மலேசியக் கூட்டரசமைப்பில் நிலம் மாநில அதிகாரத்திற்கு உட்பட்டது. கனிம உரிமத்தொகை மாநிலக் கருவூலத்தின் வருவாய். வருவாய் வழிகள் குறைந்த மாநில அரசுகளுக்குச் சுரங்கம் எளிதில் விடமுடியாத ஒன்று. கூட்டரசோ உள்நாட்டு ஆலைகளையும் வேலைவாய்ப்பையும் முன்னிறுத்துகிறது. இவ்விரு கணக்குகளும் எப்போதும் ஒத்துப்போவதில்லை.

இனி அடைமொழிக்கு வருவோம். களிமண் அருமண்ணில் தோரியம் மோனசைட்டைவிட மிகக் குறைவு என்பது மெய். அவ்வளவில் பெயர் பொய்யன்று. ஆயினும் அது புக்கிட் மேரா அச்சத்திற்கு மட்டுமே மறுமொழி தருகிறது. அம்மோனியம் கலந்த நீர் பேராக் ஆற்றின் நீர்ப்பிடிப்பில் என்னாகும் என்ற வினாவை அது தொடவில்லை. மேலும் ஒன்று. 1993இல் உச்சநீதிமன்றம், ஊர்மக்கள் முதலில் அணுசக்தி உரிம வாரியத்தையே அணுகியிருக்க வேண்டும் என்றது. அவ்வாரியம் பாப்பான் போராட்டம் நடந்த அதே 1984ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட அணுசக்தி உரிமச் சட்டத்தின் வழி அமைந்தது. 'கதிரியக்கமற்றது' என வகுக்கப்பட்ட தொழிலுக்கு எதிராக முறையிட அந்த வாயிலும் இல்லை. கெனெரிங் மக்கள் நாடக்கூடியவற்றுள் சுற்றுச்சூழல் துறையும் தம் மாநில அரசும் அடங்கும். பின்னதோ உரிமத்தொகையைப் பெறும் தரப்பு.